ஸ்ரீரங்கத்தில் இறங்கிக்கொண்ட குரல்

அமலராணி சினிமாவில் கோரஸ் பாடச் சென்னைக்கு ரயிலேறிய அன்று, அவளுடைய பாட்டுக் குரல் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கிக்கொண்டது. பேச்சுக் குரல் இறங்கவில்லை. அது ஒழுங்காக அவளோடு சென்னை வரைக்கும் போய், விழுப்புரத்தில் காபி ஆறிப்போயிருக்கிறதென்று விற்றவரோடு வாதாடி, எழும்பூரில் ஆட்டோக்காரரையும் ஒரு கை பார்த்தது. பாட்டுக் குரல்தான் இறங்கியது. திருச்சி ஜங்ஷனில் ஏறி, டவுன் ஸ்டேஷனையும் காவிரிப் பாலத்தையும் மட்டுமே தாண்டி வந்த குரல், உட்கார்ந்த சீட் சூடாவதற்குள் ஏன் இறங்கவேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அவளுடைய மேலப்புதூர்க்காரர்கள் கேட்பதில்லை. அவர்களுக்குச் செகண்ட்ஸ் என்றால் என்னவென்று தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடலாம். மாதா கோயில் பாடகர் குழுவில் ஒரு கூட்டம் மெட்டைப் பாடும், அது ஃபர்ஸ்ட். அதற்குக் கொஞ்சம் கீழே, அதை விட்டு விலகாமலும் அதன்மேல் இடிக்காமலும் இன்னொரு கூட்டம் கூடவே வரும், அது செகண்ட்ஸ். ஃபர்ஸ்ட் எடுத்தால்தான் செகண்ட்ஸ் சேரும். ஃபர்ஸ்ட் நின்றால் செகண்ட்ஸுக்கு அங்கே வேலையில்லை. அமலராணியின் அப்பா அற்புதசாமி வாரநாளில் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார், ஞாயிற்றுக்கிழமையில் பாடகர் குழுவுக்கு மாஸ்டர். மூத்தவள் லின்சியை ஃபர்ஸ்டில் நிறுத்தினார். முன்பல் விழுந்து முளைக்காத வயதில் இருந்த சின்னவளைச் செகண்ட்ஸில் நிறுத்தினார். "ஃபர்ஸ்ட் பாட ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்கம்மா, செகண்ட்ஸ் பாடுறவதான் பாட்டைத் தாங்குறா" என்று அவர் சொன்னதை அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். குக்கர் விசிலுக்குச் செகண்ட்ஸ் பாடினாள். ஐஸ் வண்டி மணிக்குப் பாடினாள். பிறந்தநாள் கேக் வெட்டும்போது தன் பிறந்தநாளுக்கே செகண்ட்ஸ்தான் பாடினாள். முழுப்பாட்டாக ஒரு பாட்டும் அவளுக்குத் தெரியாது. "இவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் பாதிப் பாட்டுதான்" என்று லின்சி கேலி செய்வாள். கேலிதான் என்றாலும் உண்மை.

ஆக, அன்று காலை ரயில் ஸ்ரீரங்கத்தில் நின்றபோது பிளாட்பாரத்தில் ஒருத்தி தனக்குள்ளே ஏதோ முனகிக்கொண்டிருந்தாள். பெயர் கமலவல்லி. புதிதாகக் கல்யாணம் ஆனவள். ஸ்கூலில் கணக்கு டீச்சர் வேலையும் கிடைத்திருந்தது. துபாய்க்கு வேலைக்குப் போகும் தம்பியை வழியனுப்ப வந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாலு பேர் எதிரில் அழக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ராகத்தை இழுத்தாள். ஜன்னலோரம் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய அமலராணிக்கு அது கேட்கவில்லை. குரலுக்குக் கேட்டது. யாரோ ஃபர்ஸ்ட் எடுத்துவிட்டார்கள், செகண்ட்ஸுக்கு ஆளில்லை. பழக்கதோஷம், யோசிக்கவே இல்லை, இறங்கிப் போய்ச் சேர்ந்துகொண்டது. அது திரும்பிப் பார்ப்பதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள் என்பது லின்சியின் கட்சி. அமலராணி இன்றைக்கும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

சென்னையில் ஸ்டுடியோவுக்குப் போய், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மற்றப் பெண்களோடு மைக் முன்னால் நின்று மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவளும் கொட்டாவி விட்டாள். மறுபடி முயன்றாள், மறுபடி காற்று. தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கூடத்தைப் பெருக்கி வைத்ததுபோல் சுத்தமாக இருக்கிறதென்றார். அப்பா போனில் உப்புத்தண்ணீர் கொப்பளிக்கச் சொன்னார். கொப்பளித்ததில் உப்புதான் தீர்ந்தது. பாடப் போனவள் பாடாமல் ஊர் திரும்புவதா என்று வெட்கப்பட்டு, ஸ்டுடியோ நடையிலேயே உட்கார்ந்திருந்தாள். உள்ளே கோரஸ் பெண்கள் ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப மோதிக்கொண்டிருந்தார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. யார் எங்கே ஏறவேண்டும், யார் எங்கே நிற்கவேண்டும் என்று ஒரு டீக்கடைப் பொட்டலத் தாளில் எழுதி உள்ளே அனுப்பினாள். அடுத்த டேக்கிலேயே சரியாக வந்தது. இசையமைப்பாளர் வெளியே வந்து, "யாருங்க இது எழுதுனது?" என்று கேட்டார். அதற்குப்பின் அவளுக்கு அந்த நடையில் உட்காரவேண்டி வரவில்லை.

இப்படித்தான் அவள் குரல்களை அடுக்கித் தருகிறவள் ஆனாள். மற்ற அரேஞ்சர்கள் பாடிக் காட்டுவார்கள், இவளால் முடியாது. உள்ளங்கையைக் காற்றில் ஓர் உயரத்தில் நிறுத்துவாள். அந்த உயரத்தைப் பார்த்தாலே ஸ்வரம் காதில் விழுந்துவிடும் என்று பாடியவர்கள் சொல்கிறார்கள். கை வலித்து இறக்கினால் கோரஸ் மொத்தமும் கூடவே இறங்கும் என்பதால், பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு முழங்கையை ஊன்றிக்கொள்வாள். இன்னொரு வழக்கமும் இருந்தது. அவள் எழுதிய எல்லாப் பாட்டிலும் ஒரு வரிசை காலியாக இருக்கும். வேலைக்குப் போனவன் தாமதமாக வந்தாலும் அவனுக்கென்று தட்டு எடுத்து வைப்பதில்லையா, அந்த மாதிரி. அது அவள் குரல் பாடவேண்டிய வரிசை. வேறு யாரையும் அதில் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. கேட்பவர்களுக்கு என்ன குறைகிறதென்று தெரியாது. ஆனால் தெரியாமலே அந்த வரிசையை முனக ஆரம்பித்துவிடுவார்கள். தியேட்டர்களில் ஆபரேட்டர்கள் ஸ்பீக்கர் இரைகிறதென்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் இரைவது பால்கனி.

பிறகு அவளே இசையமைக்க ஆரம்பித்தாள். முதல் படம் ஓடவில்லை, பாட்டு ஓடியது. இரண்டாவதில் இரண்டும் ஓடின. கல்யாண வீடுகளில், டவுன் பஸ்ஸில், ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில் எல்லாம் அவள் பாட்டு. பேட்டி எடுக்கிறவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல், நீங்கள் ஏன் பாடுவதில்லை என்று கேட்டார்கள். தொண்டை சரியில்லைங்க என்று சிரிப்பாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாயைத் திறந்து பார்ப்பாள். அத்தனை வருஷமும் பார்த்தாள். காற்றுதான். கோபமும் வரும், அழுகையும் வரும். எங்கேதான் போய்த் தொலைந்தது என்ற யோசனை மட்டும் ஒருநாளும் அவளை விட்டதில்லை.

அது ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் சௌக்கியமாக இருந்தது. பிளாட்பாரத்திலிருந்து கமலவல்லியோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டிருந்தது. மறுநாள் காலையில் அவள் பெருமாள் முன்னால் பாசுரம் சேவிக்க ஆரம்பித்ததும் கீழே இன்னொரு குரல் கூடவே வந்தது. கணவர் அழகியமணவாளன், காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுப்பவர், சுருதிப் பெட்டியை அணைக்காமல் விட்டாயா என்று கேட்டார். வீட்டில் சுருதிப் பெட்டியே கிடையாது. சேவித்து முடித்ததும் அந்தக் குரல் இரண்டு ஸ்வரத்தில் இழுத்து "ஆமென்" என்றது. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, வந்திருப்பது யாருடையது என்று தெரியாவிட்டாலும் எந்தப் பக்கத்துக் குரல் என்பதாவது தெரிந்தது. "குரல்தானே, இருந்துட்டுப் போறது. சாதமா கேக்கறது?" என்று சொல்லிவிட்டு அழகியமணவாளன் காலேஜுக்குக் கிளம்பினார்.

வீதியில் கொஞ்சம் பேச்சு எழுந்தது. பாசுரத்துக்குச் செகண்ட்ஸ் உண்டா, அதுவும் ஆமென் போடுகிற குரல் போடலாமா என்று பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ஒரு கட்சி கூடாதென்றது; இன்னொரு கட்சி கூப்பிடாமல் வந்த குரலைப் போகச் சொல்வது எப்படி என்று கேட்டது. கடைசியில் எதிர்வீட்டு மாமி, "பெருமாளுக்கு ரெண்டு திருச்செவி இருக்கோன்னோ? ஒண்ணுல இத கேட்டுக்கட்டும், ஒண்ணுல அத கேட்டுக்கட்டும்" என்று முடித்துவைத்தாள். அதோடு பேச்சு அடங்கியது. கொஞ்ச நாளில் ஆமென் விழுந்தபிறகுதான் கூடச் சேவிக்க வந்த பெண்கள் தீர்த்தத்துக்குக் கை நீட்டினார்கள். குரல் கமலவல்லியோடு ஸ்கூலுக்குப் போய் வாய்ப்பாட்டுக்குச் செகண்ட்ஸ் பாடியது. அந்த ஸ்கூல் பிள்ளைகள் இன்றைக்கும் வாய்ப்பாட்டைத் தனியாகச் சொன்னால் என்னவோ குறைகிறதென்பார்கள்.

இது அமலராணிக்குத் தெரிந்தது அவளுடைய பாட்டாலேயே. எஃப்.எம்.மில் அவள் பாட்டு வரும்போதெல்லாம் அந்தக் காலியான வரிசையைச் சித்திரை வீதிக் குரல் தானாகப் போய் நிரப்பியது. அதனால் அவளுடைய பாட்டு உலகத்தில் வேறெங்கும் கேட்பதைவிட ஸ்ரீரங்கத்தில் முழுசாகக் கேட்கும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. மைக்செட் வைத்திருந்த ஒருவர், காவிரித் தண்ணீர்தான் காரணம் என்றார். காட்டூரில் குடியிருந்த லின்சி, கூட வேலைபார்க்கும் ஒருத்தியின் கிரகப்பிரவேசத்துக்காக அந்த வீதிக்குப் போனாள். பந்தலில் தங்கையின் பாட்டைப் போட்டார்கள். இலையில் பாயசம் விழுந்துகொண்டிருந்தது. கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டவள், கை கழுவக்கூட இல்லை, போனை எடுத்தாள்.

"ஏய் அமலு, உன் தொண்டை இங்க இருக்குடி!"

அந்தப் போன் வந்த நேரம் அமலராணி ஒரு சிக்கலில் இருந்தாள். ஒரு படத்தின் கடைசிப் பாட்டு. பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு ஒருத்தி ஒற்றையாகப் பஸ்ஸில் திரும்புகிறாள், அதற்கான பாட்டு. வழக்கம்போல ஒரு வரிசையைக் காலியாக விட்டிருந்தாள். இந்த முறை இயக்குநர் பிடித்துக்கொண்டார். "மேடம், பாட்டு நல்லாருக்கு. ஆனா சிரிக்கும்போது ஒரு பல்லு இல்லாத மாதிரி இருக்கு" என்றார். நல்ல நல்ல பாடகிகளைக் கூப்பிட்டு அந்த வரிசையில் நிறுத்திப் பார்த்தாள், ஒருத்தியும் பொருந்தவில்லை. மெட்டைப் பாடியவர்களும் பொருந்தவில்லை. பிள்ளையைப் பிரிந்தவள் பாடுவதாகக் கேட்கவில்லை, பிரிந்தவளைப் பற்றி நன்றாகத் தெரிந்தவள் பாடுவதாகக் கேட்டது. முடியாதென்றால் இந்த ஒரு பாட்டை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று இயக்குநர் மரியாதையாகச் சொன்னார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டுமானால் பாட்டைவிடக் குரல்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. தன் பொருள் தன்னிடம் வரவேண்டும், அவ்வளவுதான். முதல் வண்டியைப் பிடித்தாள்.

வாசலில் நின்று கூப்பிட்டாள். கமலவல்லி கதவைத் திறந்தவுடனே, "வாங்கோ, நீங்க பேசறச்சயே தெரிஞ்சுடுத்து. அதே தொண்டை" என்றாள். தளிகை உள்ளிலிருந்து மிக்ஸி ஓடும் சத்தமும் அதற்குச் செகண்ட்ஸும் வந்துகொண்டிருந்தன. பிள்ளையைத் தேடி வந்தவள்போல் அமலராணி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். இத்தனை காலத்தில் குரல் ஒரு சுற்று கூட இளைக்கவில்லை. நன்றாக இருந்தது, பாவி, சந்தோஷமாகவும் இருந்தது.

"நான் கூப்பிட்டு வரலீங்க. எனக்குத் தெரியாமலே இங்க வந்திடுச்சு" என்றாள் அமலராணி, ஏதோ தன் குழந்தை அடுத்த வீட்டில் சேட்டை செய்ததற்கு மன்னிப்புக் கேட்பவள் போல.

"உங்களோடது, எடுத்துண்டு போங்கோ. நான் என்ன கட்டியா வெச்சுருக்கேன்?" என்று சொன்ன கமலவல்லி, முகத்தைத் திருப்பிக்கொண்டு காபி கலக்கப் போனாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. வீட்டில் பிள்ளை இல்லை; தம்பி துபாய்க்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான். அன்றுமுதல் இன்றுவரை அவளைத் தனியாக ஒரு பாட்டு பாட விட்டதில்லை அந்தக் குரல்.

எடுத்துக்கொண்டு போவதுதான் எப்படி என்று தெரியவில்லை. அமலராணி கூப்பிட்டாள், பேச்சுக்கு அது திரும்பவில்லை. வாயைத் திறந்துகொண்டு சமையலறை வாசலில் நின்று பார்த்தாள், வராது. பாட்டுக்குத்தானே வரும் என்று, கூட வந்திருந்த லின்சி ஒரு யோசனை சொன்னாள். காரை வாசலில் நிறுத்தி, சிறுவயதில் இருவரும் கோயிலில் பாடிய பாட்டொன்றை எடுத்தாள். எடுத்ததும் குரல் துள்ளிக்கொண்டு வந்து காரில் ஏறியது. லின்சி நிறுத்தாமல் பாட, அது நிறுத்தாமல் செகண்ட்ஸ் பாட, வழியில் எங்காவது தவறி உள்ளே விழுந்துவிடாதா என்று அமலராணி நடுவில் வாயைத் திறந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். காவிரிப் பாலத்தில் நெரிசல். லின்சியின் போன் அடித்தது. மாமியார். எடுக்காமல் இருக்க முடியுமா? "சொல்லுங்கத்தே" என்றாள், அவ்வளவுதான், பாட்டு நின்றது. பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்த வேனில், "பச்சைமலைக் கிழங்கேய், மாவா வேகும் மரவள்ளிக் கிழங்கேய்" என்று ஸ்பீக்கர் இழுத்துக்கொண்டிருந்தது. குரல் ஜன்னல் வழியாக அதில் ஏறிக்கொண்டது.

வேன் அரியமங்கலம் அப்துல் மாலிக்குடையது. அவர் பதிவு செய்து வைத்திருந்த குரலோடு இன்னொரு குரல் கேட்டதும் மெமரி கார்டு கெட்டுப்போய்விட்டதென்று கழற்றித் துடைத்துப் போட்டார். துடைத்தபிறகும் கேட்டது. உறையூர், பாலக்கரை என்று சுற்றியதில் ஜனங்கள் கிழங்கு வாங்க வராதவர்கள்கூடக் கேட்பதற்காக வாசலுக்கு வந்தார்கள். வந்தவர்கள் கிழங்கும் வாங்கினார்கள். சரக்கு மதியத்துக்குள் காலி. அவர் மனைவி வஹீதா வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டு, இது நான் படிச்ச ஸ்கூல்ல வாய்ப்பாட்டுக்குக் கூடப் பாடுனது, ஸ்ரீரங்கத்து டீச்சரம்மா வீட்டுது, அடுத்தவங்க பொருள் நமக்கெதற்கு, கொண்டுபோய் விடுங்க என்றாள். மறுநாள் வழியெல்லாம் ஸ்பீக்கரை நிறுத்தாமல் ஓடவிட்டு, சித்திரை வீதி வாசலில் வேனை நிறுத்தினார். "யம்மா, உங்க வீட்டுச் சமாச்சாரம் ஒண்ணு நம்ம வண்டில ஏறிடுச்சு" என்று சொல்லி, ஒரு பை கிழங்கையும் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று விஷயம் கேட்டுத் திரும்பி வந்த அமலராணி, கமலவல்லி வீட்டுக் கூடத்துத் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். வயதும் பேரும் புகழும் கொண்டவள் என்று பார்க்கவில்லை. கிழங்கு வண்டி கூப்பிட்டால் போகிறது, மிக்ஸி கூப்பிட்டால் போகிறது, பெற்றவளிடம் வரமாட்டேன் என்கிறதே என்று புலம்பினாள். கமலவல்லி கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு, வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கைத் தலைகீழாகப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்தவள் மாதிரி கேட்டாள். "அது யார்கிட்ட போறதுன்னு பாத்தேளா? ஆரம்பிக்கறவாகிட்ட போறது. நீங்க என்னிக்காவது ஆரம்பிச்சேளா?"

"எனக்கு ஃபர்ஸ்ட் வராதுங்க. பாடினதே இல்ல."

"மெட்டெல்லாம் யாரோடது?"

"என்னோடதுதான்."

"அப்பறம் என்ன?"

இத்தனை மெட்டுப் போட்டவள் ஒன்றைக்கூட வாய்விட்டுப் பாடியதில்லை. கீபோர்டில் வாசித்துக் காட்டுவாள், கையால் உயரம் காட்டுவாள், பாடுவது வேறு யாராவது. குளியலறையில் அவள் அத்தனை வருஷம் வாயைத் திறந்து பார்த்ததும் செகண்ட்ஸுக்குத்தான். யாரும் எடுக்காத பாட்டுக்குச் செகண்ட்ஸ் எங்கிருந்து வரும்?

ரெக்கார்டிங்கை அந்தக் கூடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சென்னையிலிருந்து மைக்கும் மடிக்கணினியும் வந்தன. அழகியமணவாளன் ஃபேனை நிறுத்தி, வாசலில் போகிற தள்ளுவண்டிக்காரர்களிடம் கொஞ்சம் மெதுவாகக் கூவச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். லின்சி போனை அணைத்துவிட்டு, அற்புதசாமியை மேலப்புதூரிலிருந்து அழைத்து வந்து நாற்காலியில் உட்காரவைத்தாள். ரிட்டயர் ஆகி வெகுநாள் ஆகிவிட்டாலும் குழு பாடப் போகிறதென்றால் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்கிற மனுஷர். அமலராணி மைக் முன்னால் நின்றாள். பஸ்ஸில் திரும்புகிறவளின் பாட்டு. முதலில் காற்றுதான் வந்தது. அடுத்த முறை ஒரு கரகரப்பு. துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல ஒரு சத்தம். தனக்கே கூச்சமாக இருந்தது, நிறுத்தப் பார்த்தாள். கமலவல்லி முறைத்தாள். சரியென்று கண்ணை மூடிக்கொண்டு, தந்நன்ன தானே என்று தத்தகாரத்தில் மெட்டைப் பிடித்தாள்.

வந்தது அவளுடைய பழைய குரல் இல்லை. தடிமனாக, ஓரமெல்லாம் பிசிறடிக்கிற, பழக்கமே இல்லாத வேறொரு குரல். முன்பல் முளைக்காத வயதிலிருந்து உள்ளே அப்படியே கிடந்திருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை, அதுவும் வரவில்லை. ஏறவேண்டிய இடத்தில் தடுமாறி ஏறியது. இறங்குகிற இடத்தில் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிட்டது. ஆனால் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவள் அப்படித்தான் பாடுவாள். இரண்டாவது வரி முடிவதற்குள் தளிகை உள்ளிலிருந்து பழைய குரல் வெளியே வந்து, கூடத்தைத் தாண்டி, அவள் தோளோடு தோளாக நின்று கீழே சேர்ந்துகொண்டது. எந்த வரிசை அத்தனை வருஷமாகக் காலியாக இருந்ததோ அந்த வரிசை. லின்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டு முடிந்ததும் குரல் வழக்கம்போல ஆமென் என்றது.

அற்புதசாமி நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "ஃபர்ஸ்ட் பாடுனது யாரும்மா?" என்று கேட்டார்.

"நான்தாம்ப்பா."

"அப்ப செகண்ட்ஸ்?"

"அதுவும் நான்தான்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன்னையக் கேக்காம நிறுத்திட்டேன்மா, அந்தப் பக்கத்துல" என்றார். சின்னக் குழந்தையை எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல அவ்வளவு மெதுவாகச் சொன்னார். அமலராணி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருடைய மேல்பித்தானைக் கழற்றிவிட்டாள். கமலவல்லி எல்லாருக்கும் கிழங்கு வேகவைத்துக் கொண்டுவந்தாள். அப்துல் மாலிக் சொன்னதுபோல மாவாகத்தான் வெந்திருந்தது.

குரலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகும் பேச்சு அதன்பின் எழவில்லை. சென்னையில் இப்போது அமலராணி காலையில் எழுந்து கமலவல்லிக்குப் போனைப் போட்டுவிட்டுச் சாதகம் செய்கிறாள். சித்திரை வீதியிலிருந்து அது செகண்ட்ஸ் தருகிறது. கொஞ்ச நேரத்தில் கமலவல்லி, "போறும், வெச்சுடுங்கோ, எங்களுக்கு ஸ்கூலுக்கு நாழியாறது" என்று போனை வாங்கிக்கொள்வாள். புதுக் குரலின் பிசிறு இன்னும் முழுதாகப் போகவில்லை. போகவேண்டாமென்று அமலராணியும் அதை விட்டுவைத்திருக்கிறாள்.

பாட்டின் கடைசியில் வந்த ஆமெனை மட்டும் இயக்குநர் வெட்டச் சொன்னார். கதாநாயகி கும்பகோணத்துப் பெண், பொருந்தாது என்றார். நியாயம்தான், வெட்டினார்கள். படம் வந்தது. திருச்சியில் பெரிய தியேட்டரில் கமலவல்லியும் அழகியமணவாளனும் போய் உட்கார்ந்தார்கள். டிக்கெட் இரண்டுதான் எடுத்தார்கள், குரலுக்கு வழக்கமாக எடுப்பதில்லை. பெயர் போடும்போது, பாடியவர்கள்: அமலராணி, அமலராணி என்று வந்தது. ஒரே பேரை ரெண்டு தடவ அடிச்சிட்டானுங்க என்று பின்வரிசையில் சிரித்தார்கள். கடைசிப் பாட்டு வந்தபோது தியேட்டரில் யாரும் முனகவில்லை. முனக இடம் இல்லை, பாட்டு நிறைந்திருந்தது. கமலவல்லி பக்கத்தில் இருந்த குரல்கூட முதல்தடவையாகச் சும்மா உட்கார்ந்து கேட்டது. பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது, பாட்டு நின்றது, அந்த அமைதியில் குரல் இரண்டு ஸ்வரத்தில் "ஆமென்" என்றது. அடுத்த சீட்டில் பாப்கார்ன் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"எங்களோடதுதான்" என்றாள் கமலவல்லி.

"ஓ, சரிங்க" என்று அவர் காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.